சிலம்பம் போலச் சுற்றினாலும் திணறாத லைட்சேபர் சவுண்டு போர்டு எது?

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். ஸ்டார் வார்ஸ் படத்தில் வருவது போன்ற என் ஒளிவாளில் (லைட்சேபர்) இருக்கும் சவுண்டு போர்டை, அதாவது வாளை அசைத்தால் சத்தமும் வெளிச்சமும் வரவைக்கும் சர்க்யூட்டை, மாற்றப் போகிறேன். யூடியூபில் பார்த்தால் எல்லோரும் எத்தனை சவுண்டு ஃபான்ட் (சத்தத் தொகுப்பு), எத்தனை நிறம், பிளேடு (ஒளிரும் குழாய்) எப்படி மினுங்குகிறது என்றுதான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. பள்ளிக்கூட நாளிலிருந்து சிலம்பம் சுற்றுகிறேன், வாளையும் அப்படித்தான் சுற்றுகிறேன். ஒரு வீச்சு வீசி நிறுத்துவது கிடையாது, மணிக்கட்டில் நிற்காமல் ஓடும் சுற்று.

இப்போதிருக்கும் மலிவு போர்டில் முதல் வீச்சுக்கு 'வூம்' என்று நன்றாகத்தான் வரும். சுற்ற ஆரம்பித்ததும் அதே துண்டுச் சத்தம் வெட்டி வெட்டி ஒலிக்கிறது. எதன் மேலும் படாமலே நடுவில் மோதல் சத்தம் வேறு. சில்வர் பீச்சில் சுற்றினால் வேடிக்கை பார்க்கும் பையன்கள் "அண்ணே, பேட்டரி வீக்கா?" என்கிறார்கள்.

பிடி அலுமினியம், லேத்தில் கடைந்தது, உள்விட்டம் 32 மி.மீ. பிளேடு ஒரு அங்குலப் பாலிகார்பனேட், உள்ளே நியோபிக்சல் பட்டை, ஒவ்வொரு எல்.ஈ.டி.யையும் தனித்தனியாக எரிக்கலாம். பேட்டரி 18650 லித்தியம் செல். ஸெனோபிக்சல், புரோஃபிபோர்டு, கிரிஸ்டல் ஃபோகஸ் என்று மூன்று பெயர்கள் காதில் விழுந்திருக்கின்றன. சால்டரிங் தெரியும், புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது. எதை வாங்கலாம்?

---

பட்டறைவாசல் | தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

தம்பி, முதலில் உன் போர்டு ஏன் திணறுகிறது என்று பார்ப்போம், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பெரும்பாலான போர்டுகளில் சுழற்சியையும் அதிர்வையும் அளக்கும் ஒரு சில்லு உண்டு. மலிவு போர்டு அதனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: வேகம் இந்த எல்லையைத் தாண்டியதா? தாண்டினால் ஒரு வீச்சுக் கோப்பை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை ஓட்டும். அது அரை நொடிக் கோப்பு என்று வை. அந்த அரை நொடிக்குள் நீ ஒன்றரைச் சுற்று போயிருப்பாய், அதற்குத் தெரியாது. முடிந்ததும் "இன்னும் வேகம் இருக்கிறதே" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீ கேட்கும் வெட்டு அதுதான்.

நல்ல போர்டுகளில் இப்போது இருப்பது ஸ்மூத்ஸ்விங். தெக்ஸ்டர் என்ற பெயரில் எழுதும் ஒருவர் உருவாக்கிய முறை. தாழ்ந்த சுருதியில் ஒன்று, உயர்ந்த சுருதியில் ஒன்று என இரண்டு ஒலிகள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். வாள் அசையாமல் இருந்தால் இரண்டும் காதில் விழாது. வேகம் ஏற ஏற அவற்றின் ஒலியளவு ஏறும், கூடவே அடியில் ஓடும் 'ஹம்' என்ற ரீங்காரம் தணியும். வாள் எத்தனை பாகை திரும்பியது என்று கணக்கு வைத்துக்கொண்டு ஒரு ஒலியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். இரண்டாம் பதிப்பில் ஒரு மாற்றம் முடிந்தால் அடுத்ததை அதிலிருந்து 180 பாகை தள்ளி வைக்கும். அதாவது நிற்காமல் சுற்றினால் அரைச் சுற்றுக்கு ஒரு மாற்றம். சிலம்பம் சுற்றுகிறவனை நினைத்தே எழுதியது போல இருக்கும்.

இதற்கு மூலம் எங்கே என்று பார்த்தால் 1977-க்குப் போக வேண்டும். முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஒலி அமைத்த பென் பர்ட் ஒரு பழைய புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், டி.வி. பிக்சர் டியூப் பக்கத்தில் மைக் போனபோது வந்த இரைச்சலையும் கலந்துதான் அந்த ஹம்மை உண்டாக்கினார். பிறகு அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன் முன்னால் இன்னொரு மைக்கை வீசிப் பதிவு செய்தார். வாள் வீச்சு என்று உலகமே கேட்டது உண்மையில் மைக் வீச்சு. கிட்டே வரும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். அதைத்தான் இந்தப் போர்டுகள் கணக்குப் போட்டுச் செய்கின்றன.

ஸெனோபிக்சலில் ஸ்மூத்ஸ்விங் உண்டு, புரோஃபியிலும் உண்டு. ஆகவே பெயரை விடு. அதன் எண்களை உன் கைக்கு ஏற்ப மாற்ற எது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார். புரோஃபியில் ஒவ்வொரு ஃபான்ட் ஃபோல்டருக்குள்ளும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைக்கலாம். அதில் ஸ்விங் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண், வழக்கமாக 450. நொடிக்கு 450 பாகை வேகம் வந்தால் வீச்சு ஒலி உச்சத்தைத் தொடும் என்று பொருள். நீ நொடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறாய்? மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணிச் சொல்.

---

லாஸ்பேட்டை_ராத்திரி

ப்ரோ, புரோஃபி என்றதும் எல்லோரும் கைதட்டுவார்கள். வாங்கின பிறகு என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணினியில் ஆர்டுயினோ ஐ.டி.இ. என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளை ஏற்ற வேண்டும், அதில் புரோஃபி பிளகின் சேர்க்க வேண்டும், விண்டோஸ் என்றால் டிரைவர் மாற்ற வேண்டும், கன்ஃபிக் கோப்பு (அமைப்புக் கோப்பு) எழுத வேண்டும், அதைப் போர்டுக்குப் புரியும் மொழிக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய வேண்டும். எங்கேயோ ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நீங்களே புரோகிராமிங் தெரியாது என்கிறீர்கள்.

ஸெனோ என்றால் மெமரி கார்டைக் கழற்றி, எண் போட்ட ஃபோல்டரில் கோப்பைப் போட்டால் வேலை முடிந்தது. நிறம், ஒலியளவு, பிளேடு எஃபெக்ட் எல்லாம் பட்டனிலேயே. மூன்றாம் பதிப்பில் புளூடூத்தும் உண்டு. விலையும் குறைவு. என் அக்கா பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன், அவனே ஃபான்ட் மாற்றிக்கொள்கிறான்.

---

பட்டறைவாசல்

உன் அக்கா பையனுக்கு அதுதான் சரியான போர்டு, நான் ஏன் மறுக்கப் போகிறேன்? கடையில் வாங்கி அலமாரியில் வைப்பவர், கொலுவுக்குப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுப்பவர், பையனுக்குக் கொடுப்பவர், எல்லோருக்கும் ஸெனோ போதும். அமைப்புக் கோப்பில் சிலவற்றை அதிலும் மாற்றலாம். ஆனால் ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள் ஓடும் மென்பொருள், மூடிய பெட்டி. உள்ளே எழுதியவர் எதை மாற்ற விட்டாரோ அதோடு சரி. புரோஃபியில் ஓடும் மென்பொருள் (ஓ.எஸ்.) திறந்த மூலம், யாரும் பார்த்து மாற்றலாம். ஃப்ரெட்ரிக் ஹூபினெட் எழுத ஆரம்பித்தது, இன்று பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். இந்தத் தம்பியின் கேஸ் பொதுவானது இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

---

கெடிலக்கரை

அண்ணே, எடுத்துப் பார்த்தேன். சாதாரணமாக நொடிக்கு மூன்று சுற்று, வேகம் பிடித்தால் நான்கு.

---

பட்டறைவாசல்

அப்படியானால் கணக்கு எளிது. ஒரு சுற்று 360 பாகை. மூன்று சுற்று 1080, நான்கு 1440. எல்லை 450-ல் இருந்தால் நீ சுற்ற ஆரம்பித்த உடனே ஒலி உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் ஒரே சத்தம். நல்ல போர்டு வாங்கிய பிறகும் "என்ன இது, உயிரே இல்லையே" என்பாய். அந்த எண்ணை 1100, 1200 என்று ஏற்றினால் வேக வித்தியாசம் காதுக்குத் தெரியும். இதற்குக் கம்பைல் எதுவும் வேண்டாம், கார்டில் இருக்கும் எழுத்துக் கோப்பைத் திருத்தினால் போதும்.

சுழற்சியை அளக்கும் ஜைரோ சில்லுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. இந்த வகைச் சில்லுகள் பொதுவாக நொடிக்கு 2000 பாகைவரை அளக்கும், அதாவது ஐந்தரைச் சுற்று. உனக்கு இன்னும் இடம் இருக்கிறது. உன் வாத்தியார் சுற்றினால் எப்படியோ!

---

பிட்டுக்குப்பிட்டு | காலாப்பட்டு

அண்ணா, ஒரு மாணவன் பேச்சையும் கேளுங்கள். ரெடிமேட் போர்டே வேண்டாம், நாமே செய்யலாம். எங்கள் விடுதியில் ஆர்டுயினோ நானோ கன்ட்ரோலர், எம்.பி.யு.6050 அசைவுச் சில்லு, ஒலிக்கோப்பை ஓட்டும் டி.எஃப். பிளேயர் மினி வைத்து ஒன்று செய்திருக்கிறோம். எல்லாம் ரிச்சி தெருவில் கிடைப்பவை.

ஆனால் டி.எஃப். பிளேயரின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் ஓட்டும், கலக்காது. மோதல் சத்தம் வேண்டுமென்றால் ஹம் நிற்க வேண்டும். நடுவில் ஒன்றை ஓட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும் வசதி அதில் இருக்கிறது, இருந்தாலும் அந்த இடைவெளி காதில் குத்தும். ஸ்மூத்ஸ்விங்குக்கு ஒரே நேரத்தில் மூன்று ஒலியாவது வேண்டும், அதனால் இதில் வாய்ப்பே இல்லை. ஈ.எஸ்.பி.32 கன்ட்ரோலரும் மேக்ஸ் 98357 ஆம்பிளிஃபயரும் சேர்த்தால் மென்பொருளிலேயே கலக்கலாம். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

---

லாஸ்பேட்டை_ராத்திரி

தம்பி, அவர் கேட்டது வாள். நீ கொடுப்பது செமஸ்டர் பிராஜெக்ட்.

---

பிட்டுக்குப்பிட்டு

சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன், 32 மி.மீ. குழாய்க்குள் செல்லையும் வைத்து இதையும் நுழைக்க இடம் போதாது. ஆனால் கெடிலக்கரை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புரோஃபிக்குக் கன்ஃபிக் எழுதுவது இப்போது பெரிய விஷயம் இல்லை. ஃபெட்263 என்பவரின் இணையப் பக்கத்தில் எந்தப் பட்டன், எத்தனை பிளேடு, என்ன எஃபெக்ட் என்று தேர்ந்தெடுத்தால் கோப்பே தயாராகி வந்துவிடும். தடுமாறினால் எனக்கு அனுப்புங்கள், நான் கம்பைல் செய்து தருகிறேன்.

வாங்கும்போது மூன்றாம் பதிப்பா என்று பாருங்கள். இரண்டாம் பதிப்பில் நினைவகம் 256 கே.பி., மூன்றாவதில் 512. ஃபான்டுக்கு ஒரு பிளேடு ஸ்டைல் (வெளிச்ச அமைப்பு) என்று அடுக்கினால் 256 சீக்கிரம் நிரம்பிவிடும், கம்பைலர் 'இடமில்லை' என்று கையை விரித்துவிடும்.

இன்னொன்று. புரோஃபி போட்ட வாளை முழுசாக வாங்கினாலும், போர்டை மட்டும் வாங்கினாலும், விற்பவரிடம் கன்ஃபிக் கோப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். போர்டுக்குள் இருப்பது கம்பைல் ஆனது, அதிலிருந்து பழைய கோப்பை மீட்க முடியாது. கோப்பு இல்லாமல் புதிதாக ஏற்றினால் முன்பு இருந்தது போனது போனதுதான். எங்கள் சீனியர் ஒருவர் வெளிநாட்டுக் கடையில் வாங்கிவிட்டு இதற்காக மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தார்.

---

கடற்கரைச்சாலை | புதுச்சேரி

கிரிஸ்டல் ஃபோகஸ் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். பிளெக்டர் லேப்ஸ் செய்வது. இந்தத் துறையில் பழைய கை. பெத்தீ குரூட்டோன், நானோ பிஸ்கோத் என்று தங்கள் போர்டுகளுக்குத் தின்பண்டப் பெயராக வைப்பவர்கள். புதுச்சேரிக்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா?

என்னிடம் இருப்பது கிரிஸ்டல் ஃபோகஸ் எக்ஸ். கம்பைல் என்ற பேச்சே இல்லை. கார்டில் எழுத்துக் கோப்புகள், ஒவ்வொரு வரியிலும் ஒரு எண். நோட்பேடில் திறந்து மாற்றி, சேமித்து, திரும்பச் செருகினால் போதும். மாற்றும் சுதந்திரம் புரோஃபிக்குப் பக்கத்தில் வரும், தலைவலி ஸெனோ அளவுக்குத்தான். ஆனால் விலை இருக்கிறதே, அதைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

இடையில் ஒரு செய்தி. பிரான்ஸின் வாள்வீச்சு சம்மேளனம் 2019-ல் லைட்சேபர் சண்டையைப் போட்டி விளையாட்டாகவே ஏற்றுக்கொண்டது. தலைக்கோ உடம்புக்கோ பட்டால் 5 புள்ளி, கை காலுக்கு 3, மணிக்கட்டுக்குக் கீழ் உள்ள கைப்பகுதிக்கு 1. மூன்று நிமிட ஆட்டம், 15 புள்ளி முதலில் எடுத்தவர் வெற்றி. இத்தனை பிரெஞ்சுக் கட்டடம் இருக்கும் ஊரில் மாலையில் வண்டி ஓடாத கடற்கரைச் சாலையில் ஒரு ஆட்டம் வைத்தால் என்ன? போலீஸ்காரரிடம் விளக்குவது என் பொறுப்பு இல்லை.

---

மைக்செட் மாமா | கடலூர் ஓ.டி.

நான் திருவிழா, கல்யாணத்துக்கு மைக்செட் போடுகிறவன். என் மகனுக்காக இந்த இழையைப் படித்தேன். போர்டு போர்டு என்று இவ்வளவு பேசுகிறீர்கள், சத்தம் வெளியே வருவது ஸ்பீக்கர் வழியாகத்தானே? அதைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை.

மகன் வாளைக் கழற்றிப் பார்த்தேன். 28 மி.மீ. ஸ்பீக்கர், பிடியின் அடிப்பக்கம், வெறுமனே குழாய்க்குள் தொங்குகிறது. கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் உறிஞ்சும். முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலக்க வழி இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், அடிநாதம் முதலில் சாகும். நீங்கள் தேடும் ஹம் முழுக்க அடிநாதம். எவ்வளவு உயர்ந்த போர்டு போட்டாலும் அங்கே போய் தகர டப்பா ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பீக்கர் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையமோ சிலிக்கானோ போட்டு இடுக்கு இல்லாமல் அடையுங்கள். பின்னால் ஒரு மூடிய அறை விடுங்கள், பெரிதாக இருந்தால் நல்லது. வயர் போகும் துளையையும் அடையுங்கள். முன்னால் மூடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும். போர்டு 4 ஓமுக்கு 3 வாட் என்றால் அதே அளவு ஸ்பீக்கர் போடுங்கள். 8 ஓம் போட்டால் கெட்டுப்போகாது, சத்தம் குறையும், அவ்வளவுதான். மகனுடையதில் போர்டை மாற்றாமல் இதை மட்டும் செய்தேன். புதுப் போர்டு என்று நினைத்துவிட்டான்.

---

பட்டறைவாசல்

மாமா சொன்னது பொன்னான பேச்சு. போர்டும் செல்லும் உட்காரும் சட்டத்தைப் பெரும்பாலும் 3டி பிரிண்டில்தான் செய்கிறோம். அதிலேயே ஸ்பீக்கர் அறையைத் தனியாக மூடி வடிவமைக்கலாம். பி.எல்.ஏ. வகைப் பிளாஸ்டிக் வேண்டாம், சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். மே மாதம் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே வாளை வைத்துப் பாருங்கள், தெரியும். பி.ஈ.டி.ஜி. போடுங்கள்.

அப்புறம் கரண்ட். தம்பி, நீ 18650 என்று மட்டும் சொன்னாய், எந்த 18650? கணக்கைப் பார். பிளேடுக்குள் மீட்டருக்கு 144 எல்.ஈ.டி. உள்ள பட்டை, முதுகோடு முதுகாக இரண்டு. வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 132, மொத்தம் 264. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று. பழைய வகை எல்.ஈ.டி.யில் ஒரு நிறத்துக்கு 20 மில்லி ஆம்ப், முழு வெள்ளையில் 60. பெருக்கினால் 15 ஆம்புக்கு மேல். புதிய வகை கொஞ்சம் குறைவாக இழுக்கும், கம்பியிலும் இழப்பு உண்டு, ஆகவே நடைமுறையில் அவ்வளவு போகாது. ஆனாலும் மோதல் சத்தத்தோடு பிளேடு வெள்ளையாக மின்னும் அந்தக் கணம்தான் பலவீனமான செல் சரியும். வோல்டேஜ் விழும், போர்டு அணைந்து மறுபடி எழும். பலர் இதைப் போர்டு கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல் இதற்கு ஆகாது. சாம்சங் 30க்யூ, சோனி வி.டி.சி.6 போன்றவை 3000 மில்லி ஆம்ப்-மணி, தொடர்ந்து 15 ஆம்ப் தருபவை. கழற்றி மாட்டுகிற செல் என்றால் 10 ஆம்பாவது தரும், பாதுகாப்புச் சர்க்யூட் சேர்ந்ததாகப் பார். அலுமினியக் குழாய்க்குள் ஷார்ட் ஆவது விளையாட்டு இல்லை. மேலே 9800 என்று அச்சடித்த செல்லை எவன் விற்றாலும் நகர்ந்துவிடு. இந்த அளவில் அவ்வளவு கொள்ளளவு உலகத்திலேயே கிடையாது.

சுற்றுகிறவனுக்கு இன்னும் இரண்டு. 144 பட்டையில் அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். சுற்றும்போது பட்டை நுனியை நோக்கி இழுபடும், அறுந்தால் அந்த ஒட்டில்தான் அறுகும். ஒட்டில்லாத பட்டையாகக் கேள், நுனியில் பஞ்சு வைத்து இறுக்கு. பிளேடைப் பிடியோடு பிணைக்கும் எம்4 திருகு ஒன்று போதாது, இரண்டு போடு. நீ கூட்டத்துக்கு நடுவில் சுற்றுகிறவன்.

---

கெடிலக்கரை

அண்ணே, மாமா, எல்லோருக்கும் நன்றி. புரோஃபி மூன்றாம் பதிப்பு என்று முடிவு செய்துவிட்டேன். கிரிஸ்டல் ஃபோகஸ் ஆசை இருக்கிறது, பர்ஸ் இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கஸ்டம்ஸில் எப்படி? முழு வாளாகவே வாங்கினால் மலிவா என்றும் யோசிக்கிறேன்.

---

லாஸ்பேட்டை_ராத்திரி

முழு வாள் வேண்டாம் ப்ரோ. அது பொம்மை என்ற தலைப்பில் போய் விழுந்தால் தொலைந்தீர்கள். பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. போதாததற்கு 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு பி.ஐ.எஸ். தர முத்திரை கட்டாயம். போர்டு என்பது எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம், பார்சலில் அப்படியே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். என் நண்பர் ஒருவருக்கு ஒரு கூரியர் கம்பெனி 'சாம்பிள் டாய்' என்று எழுதி அனுப்பி, வரி போர்டு விலையைத் தாண்டிவிட்டது.

செல்லை அவர்களிடம் கேட்காதீர்கள். தனி லித்தியம் அயன் செல்லைப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்ப 2016 ஏப்ரலிலிருந்து தடை இருக்கிறது. அதைச் சேர்த்தால் பார்சலே எங்காவது மாட்டும். செல்லை இங்கேயே வாங்குங்கள்.

ஸெனோவை விட்டுக்கொடுத்ததற்கு வருத்தம்தான், ஆனால் உங்கள் கேஸுக்குப் புரோஃபிதான் என்று எனக்கே தோன்றுகிறது.

---

உப்பங்கழி | வீராம்பட்டினம்

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நியோபிக்சல் பிளேடும் பிடியும் தொடுவது போகோ பின் வழியாக. ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன முனைகள். நம் ஊர் உப்புக்காற்றில் தங்க முலாம் தரமில்லாத பின் என்றால் பச்சை பூத்துவிடும். முதலில் பிளேடு மினுங்கும், அப்புறம் பாதி நிறம் தப்பாக வரும், அப்புறம் எரியாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து அவ்வப்போது துடையுங்கள். பிளேடைக் கழற்றி வைக்கும்போது பிடியின் வாயை மூடி வையுங்கள். ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற நாட்களில், அலமாரி மேல்தட்டில் இருந்த வாளில்கூட ஈரம் ஏறியிருந்தது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று பெட்டியில் கிடக்கட்டும்.

---

கெடிலக்கரை

போர்டு வந்து, மாட்டியும் ஆயிற்று. பிட்டுக்குப்பிட்டு தம்பிதான் கன்ஃபிக் போட்டுக் கொடுத்தார். டேட்டா கம்பியில் 470 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஸ்பீக்கர் அறை மாமா சொன்னபடி. சென்சிட்டிவிட்டியை 1100-க்கு ஏற்றியதும் வித்தியாசம் தெரிந்தது. மெதுவாகச் சுற்றினால் முனகுகிறது, வேகம் பிடித்தால் உறுமுகிறது, நடுவில் எல்லாப் படியும் இருக்கிறது. பாதிச் சுற்றுக்கு ஒரு தரம் சுருதி ஏறி இறங்குவது தனியாகவே கேட்கிறது.

ஒரே ஒரு தொல்லை பாக்கி. வலச்சுற்றிலிருந்து இடச்சுற்றுக்கு வெட்டி மாற்றும்போது சில தடவை மோதல் சத்தம் வந்துவிடுகிறது.

---

பட்டறைவாசல்

திசை மாற்றும் அந்த வெட்டில் கை கொடுக்கும் அதிர்ச்சியை அது மோதல் என்று எடுத்துக்கொள்கிறது. கன்ஃபிக் கோப்பின் மேல்பகுதியில் கிளாஷ் த்ரெஷோல்டு (மோதல் எல்லை) என்று ஒரு எண் இருக்கும். மாதிரிக் கோப்பில் 1.0. உனக்கு அது ரொம்பக் குறைவு. 3-ல் ஆரம்பி, இன்னும் வந்தால் அரை அரையாக ஏற்று. ரொம்ப ஏற்றினால் உண்மையிலேயே இன்னொரு வாளோடு மோதும்போது சத்தம் வராது, அங்கே நிறுத்திவிடு. இதற்கு மட்டும் மறுபடி கம்பைல் வேண்டும்.

---

கெடிலக்கரை

3.5-ல் சரியாகிவிட்டது அண்ணே. தம்பி பக்கத்தில் இல்லாமல் நானே கம்பைல் செய்தேன். இரண்டு தடவை சிவப்பு எழுத்து வந்தது, மூன்றாவது தடவை ஏறியது.

---

மைக்செட் மாமா

மாப்ளே, சிலம்பக்காரனுக்கு வாள் எதற்கு? கம்பாகவே செய்யலாமே. நடுவில் பிடி, இரண்டு பக்கமும் வெளிச்சம். ஒரே போர்டு தாங்குமா?

---

பட்டறைவாசல்

தாங்கும் மாமா. புரோஃபியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடுக்குத் தனித்தனி டேட்டா முனை உண்டு, கன்ஃபிக்கில் இரண்டு பிளேடு என்று எழுதினால் போதும். போர்டைச் சுற்றின் நடுவிலேயே வைக்கலாம் என்பதால் அதன் மேல் விழும் இழுவையும் குறையும். சிக்கல் கரண்டில்தான். எல்.ஈ.டி. இரட்டிப்பு, இழுப்பதும் இரட்டிப்பு. ஒரு 18650-ஐ நம்ப முடியாது. அதைவிடப் பெரிய 21700 செல் போட்டு, வெளிச்சத்தைக் கன்ஃபிக்கில் குறைத்து, முழு வெள்ளை வரும் எஃபெக்டுகளை எடுத்துவிட்டால் ஓடும். ஸ்பீக்கர் மட்டும் கை மறைக்காத இடமாகப் பார்த்துப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். கெடிலக்கரை, நீ கம்பை எங்கே பிடிக்கிறாய், இரு கைக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறாய் என்று அளந்து அனுப்பு, அதற்கேற்பக் குழாயைக் கடைகிறேன்.

---

கெடிலக்கரை

இடைவெளி நிற்காது அண்ணே, சுற்றில் கை மாறிக்கொண்டே இருக்கும். வாத்தியார் சுற்றும்போது வீடியோ எடுத்து அனுப்புகிறேன், அதில் கை படாத இடம் எது என்று நீங்களே பாருங்கள்.